நானே பரப்பினேன், நானே மாட்டிக்கொண்டேன்: ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் குடும்ப குரூப்பில் மறுபடியும் "அதிர்ச்சி வீடியோ" வர ஆரம்பித்துவிட்டது. அதனால் 2023இல் நான் ஏமாந்ததை எழுதிவிடுகிறேன். வெட்கக்கேடான கதைதான், பரவாயில்லை.

திருப்பூரில் பீஸ் தைத்துக்கொடுக்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பீகார் பையன்கள். அந்த வருஷம் ஜனவரி கடைசியில் ஒரு வீடியோ வந்தது, உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள், வடமாநில இளைஞர்கள் கூட்டமாக உள்ளூர்ப் பையன்களைத் துரத்துவது போல. நம்ம ஊர் ரோடு, வீடியோவும் ஒரிஜினல், அப்புறம் என்ன சந்தேகம் வரும்? "இனி நம் ஊரில் நமக்கே இடமில்லை" என்று நானே ஒரு வரி சேர்த்து நாலு குரூப்புக்கு அனுப்பினேன். அந்த நேரத்தில் கீழே என் யூனிட்டில் ஒன்பது பீகார் பையன்கள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மண்டையில் உறைக்கவே இல்லை.

அது ஒரு டீக்கடையில் ஆரம்பித்த அடிதடி, சில நாள் முன்பே நடந்தது, இனச் சண்டை எதுவும் இல்லை என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். அந்த நாலு குரூப்புக்கும் அந்த விளக்கத்தை அனுப்பவேண்டும் என்று தோன்றவில்லை.

மார்ச் முதல் வாரம். பேட்லாக் ஓட்டுகிற தர்பங்காப் பையன் கையில் போனோடு வந்து நிற்கிறான். "ண்ணா, அம்மா அழுகுது, ஊருக்குப் போகணும்." தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று அவன் அம்மாவுக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். டேய், இங்கே உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். ஆனாலும் போகணும் என்றான். பெற்றவள் சோறு தண்ணி இல்லாமல் அழும்போது அவன் வேறு என்ன செய்வான்? சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள். பீஸ் எல்லாம் பாதி தையலில் நின்றது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி என் கூலியில் கழித்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் ஷிப்மென்ட் தேதி இருக்கிறது.

அந்த வீடியோக்கள் என்னவென்று அப்புறம்தான் வெளியே வந்தது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னது, ஒன்று பீகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாகத் திருப்பூரில் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இன்னொரு கொலை வீடியோவை உண்மை கண்டறிபவர்கள் தேடிப் பார்த்தால் அது ராஜஸ்தான் ஜோத்பூர். காயக்கட்டோடு ரெண்டு பேர் பேசிய ஒரு வீடியோ பாட்னாவில் வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸே சொன்னது. ஹோலிக்கு ஊருக்குப் போகிற ரயில் கூட்டத்தைக்கூட "தப்பி ஓடுகிறார்கள்" என்று போட்டார்கள். வருஷா வருஷம் அந்தக் கூட்டம் இருக்கும், திருப்பூர் ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்தவனுக்குத் தெரியும். இந்தி பேசியதற்காக 12 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்று உத்தரப்பிரதேசத்து பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் ஒருவர் ட்விட்டரில் எழுதினார். அவர் வக்கீல் வேறு. மன்னிப்புக் கேட்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. பீகார் அரசு நாலு பேர் குழுவை அனுப்பி விசாரித்துப் பார்த்துவிட்டுப் போனது.

இதில் நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். "இது போட்டோஷாப்பா, ஒரிஜினலா" என்று மட்டும்தான் அதுவரை பார்ப்பேன். ஒரிஜினல் என்று தெரிந்ததும் நம்பிவிடுவேன். ஆனால் அந்த வீடியோக்களில் பலதும் ஒரிஜினல்தான், மேலே எழுதியிருந்த வரிதான் பொய். அதனால் இப்போது முதலில் நான் தேடுவது இது எங்கே, எப்போது எடுத்தது என்பதைத்தான். கடை போர்டு என்ன மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் டி.என். தானா, போலீஸ் தொப்பி நம்ம ஊர்த் தொப்பியா, பின்னால் கத்துகிறவன் என்ன பாஷையில் கத்துகிறான். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், பாதி அங்கேயே தெரிந்துவிடும். சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டிருந்தால் எனக்கு இரட்டைச் சந்தேகம். வீடியோவை ரெண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து படத்தை வைத்துத் தேடித்தரும் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய சரக்கு என்றால் பெரும்பாலும் மாட்டும்.

டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டு இன்னும் மோசம். ஒரு தலைவர் படம், ஒரு கேவலமான வாக்கியம், மூலையில் சேனல் பெயர். இதைச் செய்ய செல்போனில் அஞ்சு நிமிஷம் போதும். அந்த சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்த கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசாங்கப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், 2015 சென்னை வெள்ளத்தின்போது பிரதமர் விமானத்தில் இருந்து பார்ப்பதாகப் மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் (பி.ஐ.பி.) போட்ட படத்தில், ஜன்னலுக்குள் வேறு படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். கிண்டல் கிளம்பியதும் நீக்கினார்கள். யார் அனுப்பினார்கள் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கு அந்த ஜனவரி வீடியோவை அனுப்பியது என் தாய்மாமா, ரிட்டயர்டு வாத்தியார், பொய்யே பேசாத மனுஷன்.

போன ஏழு பேரில் நாலு பேர் ஏப்ரலில் திரும்பி வந்தார்கள். தர்பங்காப் பையன் வரவில்லை, சூரத்தில் இருக்கிறானாம். மாமா நேற்றுகூட ஒரு வீடியோ போட்டார், "எங்கே எடுத்தது மாமா?" என்று கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.