தாய்மாமன் வீட்டுக்கு வரும் 840 ராண்ட்: டாப்-அப் கிராண்ட் வாங்கிய அனுபவம்

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சாட்ஸ்வர்த்தில் வீடு. என் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள் எங்களிடம் வளர்கிறார்கள். அவர்களுடைய அப்பா 2018இல் போய்விட்டார். அம்மா 2021 ஜூலையில், கொரோனா மூன்றாவது அலையில். பெரியவளுக்கு அப்போது பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்த அன்றைக்கே என் கணவர் போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தோளில் தூங்குகிற பையன், கையில் இரண்டு ஸ்கூல் பை.

அனாதையான பிள்ளைகளை எடுத்து வளர்க்கிற சொந்தக்காரர்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு ஒரு உதவித்தொகை, இங்கே சொல்கிறபடி ‘கிராண்ட்’, தருகிறது. மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். கோயிலில் பார்க்கிற பாட்டிமார்களில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று விதமான பணத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். வருமானம் குறைந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் கிடைப்பது குழந்தை கிராண்ட். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்ட் ஆனது. அனாதைப் பிள்ளையைச் சொந்தக்காரர் வளர்த்தால் அதன்மேல் பாதி கூடுதல், அதாவது 280. சேர்த்து 840. இதைத்தான் எல்லோரும் டாப்-அப் என்கிறார்கள். மூன்றாவது ஃபாஸ்டர் கிராண்ட், அதாவது வளர்ப்புப் பெற்றோருக்கானது, அதே 2025 கணக்கில் 1250 ராண்ட். அதற்குச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுத வேண்டும், குழந்தைகள் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும், அந்த உத்தரவையும் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு ஃபாஸ்டரும் டாப்-அப்பும் சேர்த்து வாங்க முடியாது.

நாங்கள் முதலில் ஃபாஸ்டருக்குத்தான் போனோம். பணம் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு சமூகநல நிறுவனத்தில் எங்கள் கோப்பைத் திறந்தார்கள். முதல் முறை வந்த பெண் அன்பாகப் பேசினார், பிள்ளைகள் படுக்கிற அறையைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். மூன்றாவது முறை போனபோது கோப்பே இல்லை. அம்மா எப்படிச் செத்தாள், எங்கே செத்தாள் என்று பெரியவளை உட்கார வைத்து மறுபடி கேட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான், பணம் தாமதமானது அல்ல.

என் மாமியார் அன்றைக்குக் கேட்டார்: “மாமன் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு கோர்ட்டு சீட்டு?” எழுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷி. இந்த ஊரிலேயே பிறந்தவர், மீலி அரிசிச் சோறு, அதாவது உடைத்த மக்காச்சோளச் சோறு, தின்று வளர்ந்தவர், தமிழ் இன்னும் பழைய வாசனையோடு இருக்கும். காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்கிறோம். அந்த மாமன் ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது என் கணவருக்குப் பேனா ஓடவில்லை.

எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. எய்ட்ஸ் காலத்தில் பாட்டிகளும் அத்தைகளும் வளர்த்த பிள்ளைகளுக்கெல்லாம் ஃபாஸ்டர் வழியையே காட்டினார்கள். 2000 வாக்கில் சுமார் 50,000 பிள்ளைகளுக்குப் போன அந்தப் பணம், பத்தே வருஷத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. சமூகப் பணியாளர்களால் சமாளிக்க முடியவில்லை. உத்தரவு காலாவதியாகிப் பிள்ளைகளுக்குப் பணம் நின்றது. 2011இல் பிரிட்டோரியாவில் உயர் நீதிமன்றமே தலையிட்டு, காலாவதியான உத்தரவுகளை நீட்டித்துக்கொடுத்தது. அப்புறமும் திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியிருந்தது. கடைசியில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 டிசம்பரில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார், 2022 மே கடைசியில் நடைமுறைக்கு வந்தது, ஜூனில் டாப்-அப் தொடங்கியது.

எனக்குச் செய்தி வந்தது ஆகஸ்டில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது. பக்கத்தில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஜூலு அம்மாள் தன் பேரனுக்கு வாங்கியதைச் சொன்னார். “கோர்ட் வேண்டாம், சாவுச் சான்றிதழ் இருந்தால் போதும்” என்றார். அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்கு, கிராண்ட் கொடுக்கிற அரசு நிறுவனமான சாசாவின் அலுவலக வாசலில் நின்றேன்.

கொண்டுபோனது ஒரு நீலப் பிளாஸ்டிக் உறை. உள்ளே என் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா இரண்டு பேரின் இறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துக் கடிதம், வருமான விவரம், நான் இன்னாருடைய மனைவி, இந்தப் பிள்ளைகள் அவர் தங்கை பிள்ளைகள், எங்களோடுதான் இருக்கிறார்கள் என்று ஒரு அஃபிடவிட். அஃபிடவிட்டும், நகல்களுக்கு முத்திரையும் போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். விண்ணப்பத்துக்கும் காசு கிடையாது. ஐம்பது ராண்ட் கொடு, நூறு கொடு, முன்னால் தள்ளிவிடுகிறேன் என்று வெளியே யாராவது வந்தால் நகர்ந்து போய்விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் ஜனங்களின் பெயரை இங்கே நூற்றைம்பது வருஷமாக எழுதுகிறவர் இஷ்டத்துக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். நாத்தனாரின் பெயரில் பிறப்புச் சான்றிதழில் ஒரு ‘எச்’ உண்டு, இறப்புச் சான்றிதழில் இல்லை. கவுன்டரில் இருந்த பெண்தான் கண்டுபிடித்தார். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “இதைச் சரிபண்ணாமல் உள்ளே அனுப்பினால் திரும்பி வரும், இன்னொரு அஃபிடவிட் எழுதிக்கொண்டு இன்றைக்கே வாருங்கள், வரிசையில் நிற்காதீர்கள், நேராக என்னிடம் வாருங்கள்” என்றார். மத்தியானம் போனேன். சொன்னபடியே கூப்பிட்டார். பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அக்டோபரில் பணம் வந்தது, விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டு. கிராண்ட் எப்போதும் விண்ணப்பத் தேதியிலிருந்துதான் கணக்கு. அதனால் எல்லாத் தாளும் சேரட்டும் என்று மாசக்கணக்கில் காத்திருக்காதீர்கள், போய் முதலில் பதிவு செய்துவிடுங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வருமான வரம்பு உண்டு: 2025 கணக்கில் தனியாளுக்கு மாதம் 5600, கல்யாணமானவர்களுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 11,200. கணவர் வேலை பார்த்த கிடங்கு 2021 கலவரத்தில் எரிந்துபோனது. அதிலிருந்து மொபெனி பக்கம் தினக்கூலிக்கு வேன் ஓட்டுகிறார். நான் ரவிக்கை தைக்கிறேன். வரம்புக்குள்தான் வருகிறோம். ஃபாஸ்டருக்கு இந்த வரம்பு கிடையாது.

இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 2025 கணக்கில் 1680 வருகிறது. அரிசி, பருப்பு, சுகர் பீன்ஸ், டின் மீன், சின்னவன் டாக்ஸியில் போகக் காசு. வருஷத் தொடக்கத்தில் ஸ்கூல் ஷூ வாங்கினால் அந்த மாதம் மீன் குறையும். 2024இல் ஒரு ஆள் உயிரோடு இருக்கத் தேவையான சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 796 ராண்ட் என்று அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்குச் சொன்னது. அந்த வருஷம் சாதாரணக் குழந்தை கிராண்ட் 530. டாப்-அப் இல்லாமல் அந்த வருஷத்தை நாங்கள் தாண்டியிருக்க முடியாது.

இன்னொரு உபயோகமும் உண்டு. கிராண்ட் வாங்குகிற பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் முழுக்கத் தானாகவே விலக்கு. வேறு ஆதரவில்லாத அனாதைப் பிள்ளையை வளர்க்கும் சொந்தக்காரரையும் அந்த விதியில் தனியாகக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். பெரியவளின் பழைய பள்ளியில் இதைச் சொல்லாமல், பாக்கி என்று மாதாமாதம் அவள் கையிலேயே கடிதம் கொடுத்தனுப்பினார்கள். சாசா தாளின் நகலோடு போய்ப் பேசிய பிறகுதான் கடிதம் நின்றது. கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை இது, உங்கள் உரிமை.

சரி, ஐந்துக்கு எத்தனை கொடுப்பேன் என்றால், வேகத்துக்கும் மரியாதைக்கும் ஐந்தும் கொடுப்பேன். தொகைக்கு இரண்டுதான். அதே அனாதைப் பிள்ளை, அதே பசி. 2025 கணக்கில் கோர்ட்டு உத்தரவு இருந்தால் 1250, இல்லாவிட்டால் 840. ஒரு பிள்ளைக்கு மாதம் 410 ராண்ட் வித்தியாசம். சமூகப் பணியாளர் வந்து பார்ப்பதில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எல்லா மாமன் வீடும் நல்ல வீடு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பது நியாயமில்லை.

என் மாமியார் இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர். 1990இல் விதவையானபோது பிள்ளைகளுக்காக அரசாங்கம் பழைய ஜீவனப் பணம் கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியில் கறுப்பின மக்களுக்கு ஏறக்குறைய எட்டாமலே வைத்திருந்த பணம் அது. எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று 1998 ஏப்ரலில் அதை மாற்றிக் குழந்தை கிராண்டைக் கொண்டுவந்தார்கள். சரியான காரியம்தான். ஆனால் தொகை 100 ராண்ட், அதுவும் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும். பழையது படிப்படியாக நின்றது. என் நாத்தனாருக்கு அப்போது பதினைந்து. புதியது கிடைக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் தையல் தொழிற்சாலைக்குப் போனாள்.

இப்போது அவள் மகள் எட்டாம் வகுப்பு. டாப்-அப் 18 வயதோடு நின்றுவிடும். ஃபாஸ்டராக இருந்தால் படிப்பு முடியும் வரை, 21 வரைக்கும்கூட நீட்டிக்க வழி உண்டு. இவளுக்கு 2029 ஏப்ரலில் 18 முடிகிறது. அது மாட்ரிக், பள்ளியின் கடைசி வருஷம். பரீட்சை வருஷக் கடைசியில். மே மாதத்திலிருந்து அந்தப் பணம் வராது. அலமாரியில் அந்த நீல உறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைலோ டப்பா வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரவிக்கைக்கும் பத்து ராண்ட் அதில் போடுகிறேன்.