பனிச்சறுக்குச் சப்பாத்து: வாடகையா, சொந்தமா?

மாரியில் சுவிஸ் சொந்தங்களிடம் போகிற மட்டக்களப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது.

செலவு: ஒரு கிழமைக்கு என்றால் வாடகைதான் மலிவு.

அளவு: இரண்டுக்கும் ஒன்றுதான். பாதத்தின் நீளம் 26.5 சென்ரிமீற்றர் என்றால் சப்பாத்தும் 26.5.

பொருத்தம்: வாடகைச் சப்பாத்தின் உள்மெத்தை பலர் போட்டுத் தளர்ந்திருக்கும். புதிதென்றால் பல கடைகளில் மெத்தையைச் சூடாக்கிக் காலுக்கேற்ப அமைத்துத் தருவார்கள். எதுவானாலும், நிமிர்ந்து நிற்கையில் பெருவிரல் முன்பக்கம் இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதி மேலெழக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு மேஸ் போடவே வேண்டாம். இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

முதல்முறை போகிறவருக்கும் வளரும் பிள்ளைக்கும் வாடகை. அங்கேயே தங்கி ஒவ்வொரு மாரியும் சறுக்கப் போகிறவர் தாராளமாக வாங்கலாம்.