பவுடர் தராசு: பல வருடம் புழங்கியதில் தெரிந்தது

வீட்டிலேயே தோட்டா ரீலோடிங் (சுட்டு முடித்த வெற்றுக் கூட்டில் மருந்து எனப்படும் பவுடரும் புல்லட் எனப்படும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது) செய்ய ஆரம்பிப்பவர்கள் முதலில் அலசி ஆராய்வது கூட்டை அழுத்தும் பிரஸ்ஸையும் அதற்கு வடிவம் தரும் டையையும்தான். தராசு பட்டியலில் கடைசியாக வரும். மிச்சமிருக்கும் காசில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், மேசையில் இருக்கும் கருவிகளில் ஆளுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியது அதுதான். டை சரியாக அமையவில்லை என்றால் தோட்டா துப்பாக்கியில் அது உட்காரும் அறையான சேம்பருக்குள் போகாது, அவ்வளவுதான். தராசு பொய் சொன்னால் தோட்டா ஒழுங்காக உள்ளே போகும், பார்க்கவும் அழகாக இருக்கும். துப்பாக்கியின் குதிரையை இழுக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

தண்டில் கல்லை நகர்த்தி அளக்கும் பீம் தராசு, சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவு டிஜிட்டல் தராசு, தானே பவுடர் கொட்டி அளக்கும் டிஸ்பென்சர், கடைசியாக ஆய்வகத் தரத்தில் ஒரு காந்தவிசைத் தராசு என்று எல்லா வகையும் என் மேசைக்கு வந்திருக்கிறது. எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவதைவிட, ஒவ்வொன்றும் எப்போது எப்படித் தப்பாகக் காட்டும் என்று சொல்வதுதான் வாங்குபவருக்கு உதவும்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ரீலோடிங் உலகம் முழுக்கக் கிரெயினில் ஓடுகிறது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நாம் பிடிக்கப் பார்க்கும் 0.1 கிரெயின் என்பது வெறும் 6.5 மில்லிகிராம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு நுணுக்கமானது போலத் தெரியும், ஆனால் அதன் ஒரு படி 0.15 கிரெயின். ரைஃபிள் தோட்டாவில் 40 கிரெயின் மருந்து போகிறது என்றால் 0.1 கிரெயின் பிழை கால் சதவீதம்தான். கைத்துப்பாக்கித் தோட்டாவில் மொத்தமே 4 கிரெயின் என்றால் அதே பிழை இரண்டரை சதவீதம். ரைஃபிளுக்குத்தான் நுணுக்கமான தராசு வேண்டும், பிஸ்டலுக்கு எதுவும் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். துல்லியமாகச் சுடுவதற்கு அது சரி. பாதுகாப்பு என்று வந்தால் தலைகீழ்.

டிஜிட்டல் தராசுகளில் அநேகமாக யூனிட் மாற்றும் பட்டன் ஒன்று இருக்கும். பெரும்பாலும், தட்டின் எடையைக் கழித்துப் பூச்சியமாக்கும் டேர் பட்டனுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தொலைப்பார்கள். கிராம், கிரெயின், கேரட், அவுன்ஸ் என்று ஒரு சுற்று வரும். ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது மூன்று கிரெயினுக்குச் சற்று மேல். கிரெயின் என்று நினைத்துக் கேரட்டில் அளந்தால் மூன்று மடங்கு மருந்து. ரைஃபிள் கூட்டில் அது கொள்ளாமல் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பிஸ்டல் கூட்டில் சத்தமில்லாமல் அடங்கிவிடலாம். எண்ணைப் பார்க்கும் முன் அதன் ஓரத்தில் இருக்கும் யூனிட் எழுத்தைப் பார்ப்பது கண்ணுக்குப் பழகிவிட வேண்டும்.

மலிவு டிஜிட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் வாங்குவது அதைத்தான். உள்ளே ஓர் உலோகக் கட்டை, அதன்மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ். எடை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கேஜின் மின்தடை மாறும், அதைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. உலோகம் சூட்டுக்கும் வளையும். அதனால்தான் போட்டவுடன் அளக்கக்கூடாது. அரைமணி நேரம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் கேலிபரேட் செய்து, அதாவது எடைக்கல் வைத்து எண்ணைச் சரிப்படுத்தி, அதற்குப் பிறகுதான் வேலை. மின்விசிறிக் காற்று, மேலே எரியும் பழைய குழல்விளக்கு, பக்கத்தில் கிடக்கும் கைபேசி, பிளாஸ்டிக் புனலில் ஏறிய நிலைமின்சாரம் என்று எதுவும் எண்ணை ஆட்டும். நான் வைத்திருந்த ஒன்று, காலையில் சாளரத்து வெயில் மேசையைத் தொட்டதும் 0.2 கிரெயின் நகர ஆரம்பித்துவிடும். திரையை இழுத்துவிட்டால் அடங்கும்.

இந்த நகர்வாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்று உண்டு. சூட்டினால் எண் நகர்வதை மறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் தராசுக்குள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: எண் மிக மெதுவாக மாறினால் அது உண்மையான எடை மாற்றம் இல்லை என்று முடிவுசெய்து பழைய எண்ணிலேயே பிடித்துவைப்பது. பெரும்பாலான தராசுகள் பூச்சியத்துக்கு அருகில் மட்டும் இப்படிச் செய்யும். சில மலிவுத் தராசுகள் நிலைத்து நின்ற எந்த எண்ணையும் இப்படிப் பிடித்துக்கொள்ளும். நாம் செய்யும் வேலையோ பவுடரை உதிர்க்கும் டிரிக்லரைச் சுழற்றி ஒவ்வொரு துணுக்காகப் போடுவது. துணுக்கு விழுந்துகொண்டே இருக்கும், எண் அசையாது. சட்டென்று 0.3 தாவும், அல்லது தாவாமலே இருக்கும். தட்டில் கிடப்பது காட்டுவதைவிட அதிகம், அதாவது பிழை எப்போதும் ஆபத்தான பக்கம்தான் சாயும். இதற்குத் தீர்வு எளிது. கடைசித் துணுக்குகளைப் போட்டதும் தட்டைத் தூக்கி, ஒரு நொடி கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள். தராசு புதிதாக எடையைப் படித்தாக வேண்டும்.

தட்டைத் தூக்கும்போது இன்னொரு லாபமும் கிடைக்கும். தட்டை வைத்து டேர் செய்திருப்பதால், தூக்கினால் திரையில் தட்டின் எடை மைனஸில் வரும். என் தட்டுக்கு அந்த எண் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறை மருந்தைக் கூட்டில் கொட்டத் தட்டை எடுக்கும்போதும் கண் அங்கே போகும். 0.1 மாறியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி பூச்சியம். தனியாக நேரம் செலவழிக்காமல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கிடைக்கும் சோதனை இது. ஆனால் இதில் தெரிவது பூச்சியம் நகர்ந்ததா என்பது மட்டும். மேல் எடையில் சரியாகக் காட்டுகிறதா என்பதற்குச் சோதனை எடைக்கல் வேண்டும்.

பல டிஜிட்டல் தராசுகளோடு 20 அல்லது 50 கிராம் கல் ஒன்று வரும். அது கேலிபரேஷனுக்கு. நாம் அளப்பதோ சில கிரெயினிலிருந்து மூன்று நான்கு கிராமுக்குள். 50 கிராமில் சரியாக நிற்கும் தராசு 2 கிராமிலும் சரியாக நிற்கும் என்று கட்டாயம் இல்லை. அதனால் உங்கள் மருந்தளவுக்குப் பக்கத்தில் வரும் சின்னக் கற்கள் தனியாக வேண்டும். ஓஐஎம்எல் (சர்வதேச சட்ட அளவியல் அமைப்பு) தர வகையில் எம்1 என்றால் 20 கிராம் கல்லில் 2.5 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம். கிரெயினில் அது 0.04. எஃப்1 என்றால் கால் மில்லிகிராம். 0.1 கிரெயின் தராசுக்கு எம்1 போதும், அதற்கு மேல் நுணுக்கமான தராசு வாங்கினால் எஃப்1. கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள், விரல் எண்ணெய்க்கும் எடை உண்டு. கல் வாங்கும்வரை ஒரு புல்லட்டை நம்பகமான தராசில் எடைபோட்டு, குறித்துவைத்துப் பயன்படுத்தலாம். பெட்டியில் அச்சிட்ட எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே பெட்டியில் இருப்பவையே ஒன்றுக்கொன்று சற்று மாறும்.

பீம் தராசுக்கு வருவோம். எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை. கெட்டிப்படுத்திய எஃகுக் கத்திமுனை அகேட் கல்லில் உட்கார்ந்திருக்கும், தண்டின் முனையில் ஒரு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஆடும். தகடு அசையும்போது அதில் சுழல்மின்னோட்டம் பிறந்து, அசைவையே எதிர்த்து ஆட்டத்தை அடக்கும். தொடாமலே பிரேக் பிடிக்கும், நின்றபிறகு எந்த விசையும் மிச்சமில்லை, அதனால் எடையைக் கெடுக்காது. ஆர்சிபிஎஸ் என்ற ரீலோடிங் கருவி நிறுவனத்தின் பெயரில் வந்த 10-10, 5-0-5 போன்ற பழைய தராசுகளைத் தயாரித்துக் கொடுத்தது ஓஹாஸ் என்ற தராசு நிறுவனம். அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பீமுக்கு இன்னொரு குணம் உண்டு. அது எடையை எடையோடு ஒப்பிடுகிறது, டிஜிட்டல் தராசு விசையை அளக்கிறது. பூமியின் ஈர்ப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதைவிடத் துருவத்தில் அரை சதவீதம் அதிகம். எங்கோ வடக்கே தொழிற்சாலையில் கேலிபரேட் செய்த டிஜிட்டலை நிலநடுக்கோட்டுப் பக்கம் கொண்டுவந்து அப்படியே பயன்படுத்தினால், 40 கிரெயினுக்கு 0.1, 0.2 கிரெயின் வரை குறைத்துக் காட்டும். இருக்கும் இடத்தில் கல் வைத்து ஒருமுறை கேலிபரேட் செய்தால் தீர்ந்தது. பீமுக்கு அந்த வேலையே இல்லை.

அதற்காகப் பீம் தப்பே செய்யாது என்றில்லை. அதில் நடக்கும் பெரிய தவறு நுணுக்கத்தில் இல்லை, பெரிய இலக்கத்தில்தான். பெரிய நகர்கல் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் 5 அல்லது 10 கிரெயின் வித்தியாசம். முள்ளோ பூச்சியத்தில் அழகாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அளவை வைத்து, வாய்விட்டுப் படித்து, கல் வைத்துச் சரிபார்ப்பேன். முள்ளைக் கண்மட்டத்தில் பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் கால் கோடு தள்ளித் தெரியும். குனிய முடியாதவர்கள் கைபேசிக் கேமராவை முள்ளுக்கு நேராக நிறுத்தித் திரையில் பார்க்கலாம், நானும் இப்போது அப்படித்தான். கத்திமுனையில் தூசி பட்டால் மெல்லிய தூரிகையால் துடைக்கவும். எண்ணெய் ஒரு சொட்டும் போடக்கூடாது.

டிஸ்பென்சரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எண்ணைத் தட்டினால் தானே கொட்டி நிற்கும். நான் புல்லட்டை அழுத்தும் நேரத்தில் அடுத்த அளவு தயாராகிவிடும். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே ஸ்ட்ரெயின் கேஜ்தான், 0.1 கிரெயின் கூடக்குறையத்தான் அளக்கும். உருண்டைப் பவுடரில் நன்றாக ஓடும். நீளக் குச்சிப் பவுடரில் குழாய் வாயில் தொற்றிக்கொண்டிருக்கும் துணுக்கு, மணி அடித்த பிறகு தட்டில் விழும். மணியை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். வேலை முடிந்ததும் பவுடர் கொட்டிவைக்கும் ஹாப்பரில் மிச்சமிருப்பதைப் பவுடர் வந்த டப்பாவிலேயே கொட்டிவிடவேண்டும். மறுநாள் வந்து அது எந்தப் பவுடர் என்று யோசிக்கும் நிலை வந்தால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் சில பிளாஸ்டிக்குகளை அரிக்கவும் செய்யும்.

காந்தவிசைத் தராசு வேறு ஜாதி. வளைவை அளப்பதில்லை. காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் செலுத்தித் தட்டை அதே இடத்தில் நிறுத்தும், அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதே எடை. ரீலோடிங் செய்பவர்கள் மத்தியில் அதிகம் பேசப்படும் ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ (FX-120i) தராசு இந்த வகை. 122 கிராம் வரை தாங்கும், 0.001 கிராம் வரை காட்டும். கிரெயினில் 0.02. நீளக் குச்சிப் பவுடரில் ஒரு துணுக்கின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே ஒரு துணுக்கு விழுந்தாலும் எண் மாறும். டிரிக்லரின் பின்னால் எண் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் வேகம்தான் இதில் எனக்குப் பிடித்தது. மலிவுத் தராசில் துணுக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். ஆனால் இதற்கும் சூடேற வேண்டும், காற்றுக்கு மறைப்பு வேண்டும்.

காசுக்கு ஏற்ற பலன் உண்டா என்றால், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1000 கெஜம் தள்ளிச் சுடுபவருக்குக் குண்டின் வேகத்தில் வரும் சின்ன ஏற்ற இறக்கமே குறியில் மேல்கீழாகத் தெரியும், அவருக்கு இது தேவை. 100 மீட்டரில் சுடும் எனக்கு, பீமில் அளந்ததற்கும் இதில் அளந்ததற்கும் தாளில் வேறுபாடு தெரியவில்லை. நேரம் மிச்சமானது, அது உண்மை.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: ஒரு நல்ல பீம், அதோடு சின்னக் கற்கள் ஒரு செட். நிறையத் தோட்டா நிரப்ப ஆரம்பித்த பிறகு டிஜிட்டலோ டிஸ்பென்சரோ வாங்கிக்கொள்ளலாம், பீமை விற்றுவிடாதீர்கள். டிஜிட்டல் மேல் சந்தேகம் வரும்போது கேட்க வேறொரு சாட்சி வேண்டும். மலிவு டிஜிட்டலை நான் தூக்கிப்போடவில்லை. வெற்றுக் கூடுகளையும் புல்லட்டுகளையும் எடைவாரியாகப் பிரிக்க வைத்திருக்கிறேன், மருந்துப் பக்கம் மட்டும் அதை விடுவதில்லை.

பழைய பீம் தராசு கைமாறி வாங்குவதாக இருந்தால் சில விஷயங்களை நேரில் பாருங்கள். கத்திமுனைகள் மழுங்கியோ துருப்பிடித்தோ இருக்கக்கூடாது. ஒரே எடையைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்தால் முள் ஒரே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். தட்டும் தண்டும் அந்தத் தராசோடு வந்தவையா என்று கேளுங்கள், வேறொன்றின் தட்டை மாட்டியிருந்தால் திருகை எவ்வளவு திருப்பினாலும் பூச்சியம் கிடைக்காமல் போகலாம். தட்டுத் தொங்கும் கொக்கிக்கு அடியில் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே ஈயக் குண்டுமணிகள் கிடக்கும் மாடல்கள் உண்டு, அவை சமன்படுத்தப் போட்டவை. சுத்தம் செய்கிறேன் என்று அவற்றைக் கொட்டிவிடாதீர்கள்.