இளம் ஆய்வாளர் மானியம்: 70,000 டாலருக்கு எது முடியும், எது முடியாது

மனச்சிதைவு, பைபோலார் போன்ற கடுமையான மனநோய்களை ஆராயும் உளவியலாளருக்கு முதல் நிதி கிடைப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவின் பிரெய்ன் அண்ட் பிஹேவியர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தரும் இளம் ஆய்வாளர் மானியம் அதற்கு நல்ல வாசல். ஆண்டுக்கு 35,000 டாலர் வரை, இரண்டு ஆண்டுகள். முனைவர் பட்டம் முடித்தவர் முதல் உதவிப் பேராசிரியர் வரை எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். வழிகாட்டி ஒருவர் கட்டாயம்.

விண்ணப்பங்களை மதிப்பிடும் அறிவியல் குழுவில் மூளை ஆய்வாளர்களும் மனநல மருத்துவர்களும் அதிகம். அதனால் 'இந்தப் பேச்சு சிகிச்சை பலன் தருமா?' என்று மட்டும் கேட்டால் எடுபடாது. எந்த வழியாகப் பலன் தருகிறது என்று காட்ட வேண்டும். தூக்கம் சீரானவர்களுக்குச் சந்தேக எண்ணங்களும் அதே அளவு குறைகின்றனவா என்பதுபோல் கேளுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். ஒப்பிடும் இரண்டு குழுக்களில் குழுவுக்கு 15 பேர் வைத்துச் சிகிச்சையின் பலனை நிறுவப் பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் விளைவளவு (இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தின் அளவு) 0.5 என்று வந்தாலும், 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விளைவு இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய -0.2 முதல் 1.2 வரை விரியும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 0.5 அளவு விளைவை 80 சதவீதத் திறனோடு, அதாவது அது உண்மையிலேயே இருந்தால் பத்தில் எட்டு முறை கண்டுபிடிக்கும் வாய்ப்போடு, பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. இந்தப் பணத்தில் அது நடக்காது. அதற்குப் பதிலாக, மாதத்துக்கு எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் நடுவில் விலகுகிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்று அளந்து வையுங்கள். பெரிய மானியத்துக்குப் போகும்போது கைகொடுப்பவை அந்த எண்கள்தான்.

பட்ஜெட்டில் நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள். மனச்சிதைவு அறிகுறிகளின் தீவிரத்தை அளக்கும், 30 கேள்விக்கூறுகள் கொண்ட பான்ஸ் நேர்காணலுக்கே 30 முதல் 40 நிமிடம் ஆகும். நோயறிதல் நேர்காணல் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். மதிப்பெண் இடுபவர்களுக்குப் பயிற்சி, அவர்களுக்கிடையே ஒத்திசைவுச் சோதனை, எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று பங்கேற்பாளர்கள் புரிந்துகொண்டார்களா என்று பார்க்கும் யூபேக் என்ற 10 கேள்விச் சோதனை, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். முழுநேர உதவியாளரை அமெரிக்கச் சம்பளத்தில் வைத்தால் மொத்தத் தொகையும் அதிலேயே கரைந்துவிடும், பகுதிநேரம் போதும்.

நெறிமுறைக் குழு அனுமதியைப் பணம் வரும்வரை தள்ளிப்போட்டால் முதல் ஆண்டில் பாதி போய்விடும். செலவை வெட்ட வேண்டி வந்தால் பங்கேற்பாளரின் பயணப்படியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது நின்றால் ஏழைகளும் அதிகம் நோயுற்றவர்களும்தான் முதலில் வராமல் போவார்கள். யாருக்காக ஆய்வு நடக்கிறதோ அவர்களே தரவில் இருக்கமாட்டார்கள்.