மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி: கோர் ஆன்டிபாடியா, நேரடியாக டி.என்.ஏ.வா?

ரிட்டுக்சிமாப் (எதிர்ப்பு சக்தியை அமுக்குகிற ஒரு மருந்து) தொடங்கப் போகிற நோயாளிகளுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென்) நெகட்டிவ் என்று ரிப்போர்ட் கொடுத்தால் போதுமா என்று புற்றுநோய்ப் பிரிவிலிருந்து எங்கள் ஆய்வகத்தைக் கேட்டார்கள். போதாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு கட்சி. எல்லாருக்கும் வைரஸின் டி.என்.ஏ.வையே தேடுகிற பி.சி.ஆர். சோதனை ஓட்டிவிடலாம் என்றார்கள் சிலர். முதலில் கோர் ஆன்டிபாடி (வைரஸின் உட்பகுதிக்கு எதிராக உடல் உருவாக்குவது) பார்ப்போம், பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும் டி.என்.ஏ. போவோம் என்றோம் மற்றவர்கள். கடைசியில் இரண்டாவது வழிக்கே வந்தோம், இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆனால் கல்லீரலில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறது என்றால் அது மறைந்த தொற்று. ரத்தத்தில் தென்பட்டாலும் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 200 ஐ.யு.வுக்கு (சர்வதேச அலகு) கீழேதான் இருக்கும். கல்லீரல் திசுவில் தேடுவதுதான் உறுதியான வழி, ஆனால் இதற்கென்று யாரும் பயாப்சிக்கு அனுப்பப் போவதில்லை.

பி.சி.ஆர். பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அது வைரஸையே தேடுகிறது. மறைந்த தொற்று உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு எந்த ஆன்டிபாடியும் இருக்காது. அவர்களை ரத்தத்தில் பிடிக்க டி.என்.ஏ.வை விட்டால் வேறு வழியில்லை. ரத்த வங்கியில் நேட் சோதனை (வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவது) சேர்ப்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் ரத்த வங்கியின் கேள்வி வேறு: இந்தப் பையில், இன்றைக்கு, வைரஸ் இருக்கிறதா? வார்டின் கேள்வி, இந்த ஆளின் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அமுக்கினால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் என்ன ஆகும் என்பது. ஒரு இடத்துக்குச் சரியான சோதனை இன்னொரு இடத்துக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது, நெகட்டிவ் என்ற பதில் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. வட்ட வடிவில் அடங்கிக் கிடக்கிறது, எதிர்ப்பு சக்தி அதைத் தட்டி வைத்திருக்கிறது, அவ்வப்போது கொஞ்சம் வைரஸ் ரத்தத்தில் கசியும், அப்புறம் காணாமல் போகும். கசியாத நாளில் குழாயில் ரத்தம் எடுத்தால் எவ்வளவு நல்ல பி.சி.ஆர். கிட்டாக இருந்தாலும் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் அந்தக் குழாய்க்கு மட்டும்தான் உண்மை. ரிட்டுக்சிமாப்போ ஆன்டிபாடி உருவாக்கத்துக்கு வேண்டிய பி செல்களை மாதக்கணக்கில் துடைத்து வைக்கிற மருந்து. நிறுத்திப் பல மாதம் கழித்தும் ஹெபடைடிஸ் பி கிளம்பும். 2013இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அந்த மருந்துக்குப் பெட்டி எச்சரிக்கையை (மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் கடுமையான எச்சரிக்கை) வலுப்படுத்தியது இதற்காகத்தான். அதனால் கோர் பாசிட்டிவ் ஆனவர் ரிட்டுக்சிமாப் எடுக்கப் போகிறார் என்றால், டி.என்.ஏ. நெகட்டிவாக இருந்தாலும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள், ரிட்டுக்சிமாப் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் தொடரச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த நெகட்டிவ் எதை மாற்றியது? தொடக்க அளவு என்று பதிந்து வைக்கலாம், அவ்வளவுதான்.

கோர் ஆன்டிபாடி அப்படியில்லை. ஒரு முறை தொற்று வந்து போனவருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். தடுப்பூசியில் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டுமே இருப்பதால், ஊசி போட்டுக்கொண்டதால் கோர் பாசிட்டிவ் ஆகாது. வழக்கமான எலைசா அல்லது சி.எல்.ஐ.ஏ. கருவியிலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி.யோடு சேர்த்து ஓடிவிடும். ஒன்றே ஒன்று, கேட்பது 'டோட்டல்' (எல்லா வகைக் கோர் ஆன்டிபாடியும் சேர்த்து) ஆக இருக்க வேண்டும். படிவத்தில் ஐ.ஜி.எம். என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது புதுத் தொற்றுக்கானது, மறைந்த தொற்றில் பொதுவாக நெகட்டிவாகத்தான் வரும், பார்க்கிறவர் நிம்மதியாகக் கீமோவைத் தொடங்கிவிடுவார்.

கோர் ஆன்டிபாடிக்கும் தொல்லை உண்டு. கட்-ஆஃபை (பாசிட்டிவ் என்று எடுக்கும் எல்லை) ஒட்டி வருகிற மதிப்புகள் பல நேரம் பொய்யான பாசிட்டிவ். எங்களிடம் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஆன்டி-எச்.பி.எஸ்.ஸையும் (மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி) பக்கத்தில் வைத்துத்தான் கருத்து எழுதுகிறோம். இம்யூனோகுளோபுலின் ஏற்றியவருக்கு அடுத்தவருடைய ஆன்டிபாடியே பாசிட்டிவ் காட்டும், ஆகவே ஏற்றுவதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிடுவது நல்லது.

டயாலிசிஸ், எச்.ஐ.வி. நோயாளிகள் விஷயத்தில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். ஆன்டிபாடியே சரியாக உருவாகாதவர்கள் அங்கே இருப்பார்கள், கோர் நெகட்டிவை நம்பி நிறுத்த முடியாது, டி.என்.ஏ.வும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். எங்களுக்கு அப்படிப்பட்ட சாம்பிள்கள் குறைவாகத்தான் வருகின்றன. மில்லிக்கு 0.005 ஐ.யு. வரை பிடிக்கிற உயர் உணர்திறன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. கிட்டுகளும் வந்திருக்கின்றன, வழக்கமான 0.05ஐ விடப் பத்து மடங்கு நுட்பம். தினசரி வேலையில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதைத் தூக்கியும் பேச மாட்டேன், தள்ளியும் பேச மாட்டேன்.

இந்த வழிக்கு மாறுகிறவர்கள் சீரம் குழாயோடு ஒரு இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஹெபாரின் குழாய் வேண்டாம், பி.சி.ஆரைக் கெடுத்துவிடும். பிளாஸ்மாவைப் பிரித்து உறைநிலையில் வைத்துவிட்டால், கோர் பாசிட்டிவ் வரும்போது டி.என்.ஏ.வுக்காக நோயாளியை மறுபடி குத்த வேண்டியதில்லை.