சிடியிலிருந்து பிளேயருக்கு: கோத்தகிரி ஈரத்தில் சில வருட அனுபவம்

கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி குஞ்சப்பனை பக்கம் வளைவுகளில் இறங்க ஆரம்பித்தால் பல்லவி முடிவதற்குள் சிக்னல் போய்விடும். ஆன்லைனில் பாட்டுக் கேட்பதெல்லாம் எங்களுக்கு வீட்டு வைஃபையோடு சரி. அதுவும் போக, என்னிடம் இருக்கிற பழைய கச்சேரி சிடிகள், கோத்தகிரியிலும் ஊட்டியிலும் கடைகளில் வாங்கிய படுகப் பாட்டு (நீலகிரிப் படுகர்களின் மொழிப் பாட்டு) சிடிகள் இதிலெல்லாம் பாதி எந்த ஆப்பிலும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு சின்ன பிளேயரில் போட்டுச் சில வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிடியிலிருந்து பாட்டை எடுப்பது பெரிய விஷயமே இல்லை, அதற்குப் பெயர் போடுவதில்தான் உயிர் போகிறது.

இப்போது வரும் லேப்டாப்களில் சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கினால் போதும். ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், ஹப்பில் என்றால் கரண்ட் பற்றாமல் பாதியில் நின்றுவிடும்.

மலையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி, பூஞ்சணம். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து டப்பாவைத் திறந்தால் தட்டின் மேல் வெள்ளையாக நூல் பிரிந்த மாதிரி படர்ந்திருக்கும். பளபளக்கிற பக்கத்தில் இருந்தால் பயமில்லை. சோப்புத் தண்ணீர் தொட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தடம் போகிற வாக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ந்து நிறைய தகவல் போய்விடும், குறுக்கே விழுந்த கீறலை டிரைவே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். படம் அச்சடித்த பக்கம்தான் ஆபத்தான பக்கம். அலுமினியப் பூச்சு அதற்கு நேர் கீழே ஒரு மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது. தட்டை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சே இல்லை, எதைத் தடவினாலும் திரும்பி வராது.

சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் மென்பொருள் என்றால் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனோயா, இரண்டும் இலவசம். சும்மா மீடியா பிளேயரில் எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பாட்டு சிடியில் ஒரு செக்டாருக்கு (தகவலைப் பிரித்து வைக்கும் ஒரு துண்டுக்கு) 2352 பைட், அத்தனையும் பாட்டு. டேட்டா சிடியில் 2048 தான் டேட்டா, மிச்சத்தில் பிழை திருத்தத்துக்குக் கூடுதல் ஏற்பாடு இருக்கும். அது இல்லாததால் பாட்டு சிடியில் படிக்க முடியாத இடம் வந்தால் டிரைவ் அக்கம்பக்கம் பார்த்து உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போய்விடும், உங்களிடம் சொல்லாது. அப்புறம் ஒருநாள் இயர்போனில் 'டிக்' என்று கேட்கும். இந்த மென்பொருள்கள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதே சிடியை வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்களுடையதோடு ஒப்பிட்டுச் சொல்ல அக்யூரேட்ரிப் இருக்கிறது, ஆனால் என் தமிழ் சிடிகள் பலவற்றுக்கு அங்கே ஒப்பிட ஆளே இல்லை. இரண்டு தடவை படிக்கவைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

எடுத்த பாட்டை எந்த வடிவத்தில் வைப்பது, ஃப்ளாக்கா (FLAC, ஒலியைக் குறைக்காமல் சுருக்குவது) எம்பி3யா (ஒலியில் கொஞ்சம் கழித்துச் சுருக்குவது) என்றால் ஃப்ளாக், யோசிக்கவே வேண்டாம். சிடியில் இருக்கிறபடி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி வரும், ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதியாகும், ஒரு துளி ஒலியும் குறையாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஒலியாக இருக்கிற பழைய மோனோ பாட்டு என்றால் இன்னும் சின்னதாகிவிடும். எம்பி3 வேண்டுமென்றால் இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரே தட்டில் நூறு பாட்டு என்று விற்றார்களே, அது ஏற்கெனவே எம்பி3 தான், அப்படியே காப்பி செய்தால் போதும், ஃப்ளாக் ஆக்கினால் இடம்தான் வீண்.

கச்சேரி கேட்கிறவர்கள் பிளேயர் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ராகம், தானம், பல்லவி எல்லாம் தனித்தனி டிராக்காக இருந்தாலும் சிடியில் இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும், அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும்போது தம்பூரா அறுந்து அறுந்து வரும். என் முதல் பிளேயர் ஃப்ளாக்கிலும் இந்த வேலையைச் செய்தது, விற்றுவிட்டேன்.

சரி, பெயருக்கு வருவோம். இணையத்தில் மற்றவர்கள் ஏற்றிவைத்த தகவலைப் பார்த்துப் பாட்டுக்குப் பெயர் போடும் மென்பொருளான மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் கொஞ்சம் உதவும், ஆனால் நம் சிடிகளுக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரி ஏற்றிவைத்திருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி ஒரே ஆள். புள்ளி வைத்து, வைக்காமல், முழுப்பெயராக என்று பிளேயர் பட்டியலில் மூன்று பேராக நின்றார். பாட்டு ஃபைலுக்குள் ஆர்ட்டிஸ்ட், கம்போசர், ஜானர் (பாட்டு வகை) என்று பெயர் எழுதத் தனித்தனி இடங்கள் உண்டு. கச்சேரிக்கு நான் செய்வது இதுதான்: பாடினவர் ஆர்ட்டிஸ்ட், தியாகராஜரோ தீட்சிதரோ கம்போசர், ஜானர் என்ற இடத்தில் ராகத்தின் பெயர். ஜானரில் போய் கல்யாணி என்று தொட்டால் யார் யார் பாடின கல்யாணியோ அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். இந்த ஒன்றுக்காகவே இவ்வளவு தட்டச்சும் தகும். சினிமாவுக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள்.

தமிழில் தட்டச்சு செய்யத்தான் ஆசை. ஆனால் விலை குறைந்த பிளேயர்களில் ஒன்று தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது 'கெ' என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்குப் போகும்போது ஒரு மெமரி கார்டில் தமிழ்ப் பெயரோடு நாலு பாட்டு போட்டுக்கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

படுகப் பாட்டு சிடிகளுக்கு எந்தத் தகவல் தளமும் உதவவில்லை, எல்லாம் கையால்தான். சிலவற்றில் உறைக்குள் இருக்கும் தாள்தான் ஒரே ஆதாரம், அதுவும் ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கும், பிரிக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் எழுதி விற்ற தட்டுகள் இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள், அவற்றில் இருப்பது சாயம், காலப்போக்கில் வெளிறிவிடும்.

எடுத்ததெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, ஒன்று கோயம்புத்தூரில் தம்பி வீட்டில். சிடிகளை இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, வெளிச்சுவர் பக்கம் படாமல் வைத்திருக்கிறேன். நம்மூர் வெயிலில் அந்த ஜெல் சரியாகக் காயாது, சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சின்னத் தீயில் வறுத்து, ஆறினபின் திரும்பப் போடலாம்.