ஸ்கேனா, பிடிஎஃபா, வேர்டா, இபப்பா? பாடக்குறிப்பைக் காதால் படிப்பவருக்கு எது உதவும்

கல்லூரித் தமிழ்த் துறைகளில் ஒரே பாடக்குறிப்பு பல உருவங்களில் மாணவர் கைக்குப் போகிறது. பழைய நோட்டைச் செல்போனில் படமெடுத்துச் செய்த பிடிஎஃப் ஒன்று, வேர்டில் தட்டச்சு செய்து மாற்றிய பிடிஎஃப் ஒன்று. சிலர் வேர்டு கோப்பையே அனுப்புவார்கள். இபப் என்ற மின்னூல் வடிவம் அபூர்வம். கண்ணால் படிப்பவருக்கு இவற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருளை ஓடவிட்டுக் காதால் படிக்கும் மாணவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையில், அடித்த வேர்டு கோப்பைக் கொடுங்கள். பிடிஎஃப் வேண்டுமானால் அதையும் கூடவே அனுப்புங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதில் எழுத்தே இல்லை என்று திரைவாசிப்பான் கைவிரித்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தெளிவான தமிழ் அச்சு ஓரளவு எழுத்தாக மாறும். ஆனால் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பக்கம், கையெழுத்து, பாட்டும் உரையும் இரண்டு பத்தியாக ஓடும் பதிப்பு எல்லாம் சொதப்பும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறிக்கொள்ளும், யாராவது உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். “புத்தகத்தை இப்படி மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வராதா?” என்று தயங்குபவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக மாற்றிக்கொடுக்க 2012-இன் காப்புரிமைச் சட்டத் திருத்தமே வழிவிட்டிருக்கிறது.

இனி வேர்டு. இங்கேதான் நம் ஊருக்கே உரிய பள்ளம் இருக்கிறது: பாமினி. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ திரையில் தமிழாகத்தான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். சங்க இலக்கிய வகுப்புக் குறிப்பு முழுக்க ஆங்கில எழுத்துகளின் உளறலாகக் காதில் விழும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. இருந்தும் இருபது வருடக் குறிப்புகள் பாமினியிலும் அதுபோன்ற வானவில் எழுத்துருவிலும் கிடக்கின்றன. இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, ஆனால் ஒரு எச்சரிக்கை: நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று நினைத்து மாற்றி வைத்துவிடும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றுவதே நல்லது.

அடுத்தது தலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தி ‘ஹெடிங் 1’ ஆக்கினால்தான் என்விடிஏவின் உலாவு முறையில் மாணவர் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். நாற்பது பக்கக் குறிப்பில் ‘மெய்ப்பாடு’ எங்கே என்று தேட, முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர எவருக்குப் பொறுமை இருக்கும்? படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்றுரையை இரண்டு வரியில் எழுதுங்கள். கணிதக்காரர்கள் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் வேர்டின் சமன்பாட்டு வசதியிலேயே அடிக்கட்டும்.

பிடிஎஃப் எல்லாம் மோசமில்லை. பிறந்த விதத்தைப் பொறுத்தது. வேர்டில் ‘சேவ் ஆஸ்’ வழியாக எடுத்தால் தலைப்பும் மாற்றுரையும் கூடவே போகும். ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்தால் அவ்வளவும் உதிர்ந்துவிடும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த சில பிடிஎஃப்களில், கோப்புக்குள் எழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கொம்பு முன்னால் போய் நின்றுகொள்ளும்; ‘கொடு’ என்பதைத் திரைவாசிப்பானால் ஒழுங்காகப் படிக்க முடியாது. குறைபார்வை உள்ளவர் பக்கத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடவலமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் குறையை இபப் தீர்க்கிறது. எழுத்து எவ்வளவு பெரிதானாலும் வரி திரைக்குள் மடங்கி நிற்கும். செல்போனில் படிப்பவருக்கு வரப்பிரசாதம். பார்வையற்றோரும் படிக்கத்தக்க நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பு தரும் வேர்டு-டு-இபப் கருவி இலவசம். ஆனால் அது உங்கள் வேர்டு கோப்பின் தலைப்புகளை நம்பித்தான் அத்தியாயம் பிரிக்கும். அங்கே ஒழுங்கில்லையென்றால் இங்கேயும் இருக்காது.

“என் வகுப்பில் அப்படி யாரும் இல்லையே” என்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அடுத்த ஜூனில் ஒருவர் வந்து உட்காரலாம். அப்போது இருபது வருடக் குறிப்பை ஒரே வாரத்தில் மாற்றிவிட முடியாது.

வேர்டிலேயே ‘செக் அக்சஸிபிலிட்டி’ என்று ஒரு சோதனை இருக்கிறது. மாற்றுரை விடுபட்டால் சொல்லும், பாமினியைக் கண்டுபிடிக்காது. அதற்கு எளிய வழி: உங்கள் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகள் கொட்டினால், உங்கள் மாணவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.